வடக்குப்பட்டி ராமசாமியும் வடக்குப்பட்டு ஆசாமிகளும்

"எந்த ஊருங்க?"ன்னு யாராவது கேட்டா நான் ஒரு செகண்டு தயங்கித்தான் பதில் சொல்வேன். வடக்குப்பட்டுன்னு சொன்ன மறுநிமிஷம் எதிர்ல இருக்கறவர் மூஞ்சி மலரும். "ஓ... ராமசாமி சௌக்கியமா?" பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்டிருக்கிறார்கள், பேங்கில் கேட்டிருக்கிறார்கள், தெருவில் வழி விசாரித்தவர்கூட கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

டிஸ்கி: அவர் வடக்குப்பட்டி, நாங்கள் வடக்குப்பட்டு. ஒரகடம் பக்கத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர். ராமசாமியோ 1993-ல் வந்த 'உடன்பிறப்பு' படத்தின் கவுண்டமணி காமெடியில் வரும் ஆசாமி. கடன் வாங்கிவிட்டுப் போனவர். முப்பது வருஷமாக அந்தக் கடனுக்கு எங்க ஊர்க்காரன்தான் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். 2024 பிப்ரவரியில் அதே பெயரை வைத்து சந்தானம் ஒரு படமும் நடித்துவிட்டார். இனிமே இன்னொரு முப்பது வருஷம் ஓடும் :)

யோசித்துப் பார்த்தால் இது சாதாரண விஷயம் இல்லை. 'உடன்பிறப்பு' படத்தின் கதை என்னன்னு கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தெரியாது. ஆனா ராமசாமி எல்லாருக்கும் தெரியும். முழுப் படம் மறந்துபோய் அதில் மூன்று நிமிஷப் பேச்சு மட்டும் எப்படி நிற்கிறது? இதைக் கிளறத்தான் இந்தப் பதிவு.

கிளற வைத்தவர்கள் எங்க கம்பெனி பஸ் ஆட்கள். பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், குவாலிட்டியில் இருக்கும் தம்பி ஒருவன், அப்புறம் அடியேன். பி ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது கடைசி சீட்டில் எங்க மூணு பேர் அரட்டையில் தூங்குகிறவன் எழுந்து திட்டுவான். பழைய படம், பழைய கேசட், அதுதான் பேச்சு. ஒருநாள் தம்பி சொன்னான்: "அண்ணே, நாம பேசறத அப்படியே ரெக்கார்ட் பண்ணி பாட்காஸ்ட்டா போட்டா என்ன? வெளிநாட்டுல காமெடி பண்ற பசங்க நாலு பேர் உக்காந்து பழைய ஆல்பம், பழைய படம்னு பேசறான், லட்சக்கணக்குல கேக்கறாங்க. புதுசா இருக்கும்ணே."

அண்ணன் சிரித்தார். "புதுசாடா? எங்கப்பா இத கூம்பு ஸ்பீக்கர்ல பண்ணாருடா."

அங்கே ஆரம்பித்தது. இனி கொசுவத்தி.

பாட்காஸ்ட் என்கிற வார்த்தைக்கு வயசு குறைவு. 2004 பிப்ரவரியில் பென் ஹேமர்ஸ்லி என்பவர் இங்கிலாந்தின் 'கார்டியன்' பத்திரிகைக் கட்டுரையில் இந்தப் புதுச் சமாச்சாரத்துக்கு என்ன பேர் வைக்கலாம் என்று போகிற போக்கில் எழுதிய பேர்களில் அதுவும் ஒன்று. ஆனால் ரெண்டு பேர் சிரிக்கச் சிரிக்கப் பேசுவதைக் காதால் மட்டும் கேட்டு ரசிக்கிற பழக்கம் நம்ம ஊரில் சினிமா பேச ஆரம்பித்த காலத்திலிருந்தே இருக்கிறது. கிராமபோன் கம்பெனிகள் முழு நாடகத்தையும் பல தட்டுகளில் பதிந்து 'செட்'டாக விற்றார்கள். பத்து இன்ச் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான். அதற்குள் வசனம், பாட்டு, பபூன் வந்து அடிக்கிற லூட்டி எல்லாம் முடிய வேண்டும். நம்ம காமெடிக்கு இந்த மூன்று நிமிஷக் கணக்கு அப்போதே பழகிவிட்டது என்பது என் கட்சி. ராமசாமியும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்.

அந்தக் காலத்துப் படங்களோ பெரும்பாலும் போச்சு. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இன்றைக்கு இல்லை. 1936-ல் எல்லிஸ் டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன், டி.எஸ்.பாலையா எல்லாருக்கும் திரைவாழ்க்கை தொடங்கிய படம். மூன்று பேரில் ஒருத்தர் முதலமைச்சரே ஆனார். அப்படிப்பட்ட படத்தின் பிரிண்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை!

என்.எஸ்.கே. பற்றி ரெண்டு வரி தனியாகச் சொல்ல வேண்டும். அவரும் டி.ஏ.மதுரமும் சேர்ந்து பண்ணியதைப் படத்தின் நடுவில் ஒட்டவைத்த துண்டுப்படம் என்றே சொல்லலாம். கதை ஒருபக்கம் ஓடும், இவர்கள் தனியாக ஒரு திண்ணைக் கச்சேரி நடத்துவார்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 கடைசியில் கைதாகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் விடுதலையாகி வந்தார். வந்த மனுஷன் 1949-ல் 'நல்லதம்பி'யில் கிந்தனார் காலட்சேபம் பண்ணுகிறார். பழைய நந்தனார் சரித்திரத்தைத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கிண்டலின் முழு ருசியும் தெரியும். ஏற்கெனவே ஊருக்கே மனப்பாடமான ஒன்றை எடுத்து, அதன் ராகத்திலேயே வேறு ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வைப்பது... இது பின்னாடி தொலைக்காட்சி வரைக்கும் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1956-ல் 'ராஜா ராணி'யில் சிரிப்பைப் பற்றியே ஒரு பாட்டு, விதவிதமாகச் சிரித்துக் காட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், ஒன்றும் குறையாது.

1952-ல் 'பராசக்தி' வந்ததும் வசனம் தனிச் சரக்காகவே ஆகிவிட்டது. மூர் மார்க்கெட் பக்கம் தெருவில் நின்று அந்தப் பட வசனத்தை நீளமாகப் பேசிக்காட்டிக் காசு வாங்கியவர்கள் இருந்தார்கள். சிவாஜி இல்லை, திரை இல்லை, கொட்டாய் இல்லை. குரல் மட்டும். மூர் மார்க்கெட்டே 1985-ல் எரிந்து போனது, அது வேற சோகம்.

சரி, எங்க பஸ்ஸில் அதிக நேரம் ஓடிய விவாதத்துக்கு வருகிறேன். தமிழின் முதல் 'பாட்காஸ்ட்' எது? அண்ணன் ஒரே போடாகப் போட்டார்: "செல்லப்பா பாலையாவுக்குக் கதை சொல்றது."

1964, ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', எழுத்தில் சித்ராலயா கோபு. ஓஹோ புரொடக்ஷன்ஸ் முதலாளி செல்லப்பாவாக நாகேஷ் தன் அப்பாவுக்கு எடுக்கப்போகிற படத்தின் கதையைச் சொல்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் ஒருத்தன் கதை சொல்கிறான், ஒருத்தர் பயப்படுகிறார், அவ்வளவுதான். ஆனா கவனித்தீர்களென்றால், இல்லாத ஒரு படத்தின் முழு ஒலிப்பதிவையும் நாகேஷ் வாயாலேயே போட்டுவிடுகிறார். கதவு, காற்று, நடை, அலறல் எல்லாம் அவர் தொண்டையிலிருந்து. எதிரில் பாலையாவுக்குப் பெரிய வசனமே கிடையாது. அரைகுறையாக ஒரு கேள்வி, ஒரு இழுப்பு, ஒரு பயந்த மூச்சு. பாதிச் சிரிப்பு அந்த மூச்சுக்குத்தான். ரெண்டு பேர் பேச்சில் பேசாதவன்தான் தாளம் போடுகிறவன் என்பதை இதைவிட யாரும் காட்டவில்லை. 'சதி லீலாவதி' காலத்திலிருந்து வில்லனாக உறுமின மனுஷன், இருபத்தெட்டு வருஷம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்தபடி நாகேஷுக்கு மேடை விட்டுக்கொடுக்கிறார். அது பெரிய மனசு.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "பாலையா மூஞ்சியப் பாக்காம என்னண்ணே சிரிப்பு?" என்றான். அவன் சொல்வதும் சரிதான். ஆனால் அவனுக்கு ஒலிச்சித்திரம் தெரியாது.

ஒலிச்சித்திரத்துக்கு முன்னாடி ரேடியோ கதை கொஞ்சம். 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் சினிமாப் பாட்டு நம்ம கலாசாரத்தைக் கெடுக்கிறதென்று ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஒதுக்கினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஊசியை நகர்த்தி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி ஆரம்பிக்க வேண்டி வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனா தமிழ்நாட்டில் அதற்கப்புறமும் ரொம்ப காலம் இலங்கைதான் கோலோச்சியது. மயில்வாகனம், அப்துல் ஹமீத், கே.எஸ்.ராஜா. இதில் கே.எஸ்.ராஜாவை நான் தனியாக எடுத்து வைப்பேன். 'திரை விருந்து' என்று அவர் படங்களை அறிமுகப்படுத்துவார். மூச்சு விடாத வேகம். இவர் ஒரு கேள்வி கேட்பார், படத்திலிருந்து வெட்டியெடுத்த வசனம் பதில் சொல்லும். இவர் கிண்டலடிப்பார், படத்தில் நடிகர் கோபித்துக்கொள்வார். எடிட்டிங் மென்பொருள் எதுவும் இல்லாத காலத்தில் செய்த வேலை அது. இன்றைக்கு நாலு பேர் மைக் வைத்துப் பழைய படத்தைக் கலாய்க்கிறார்களே, அவர் ஒற்றை ஆளாக நடிகர்களையே நண்பர்களாக உட்கார வைத்துக் கலாய்த்தார்.

நம்ம பக்கத்து ஒலிச்சித்திரம் வேற ரகம். ரெண்டரை மூணு மணி நேரப் படத்தை ஒரு மணி நேரமாக வெட்டி ரேடியோவில் போடுவார்கள். சண்டைக் காட்சி வந்தால் டிஷ்யூம் டிஷ்யூம் என்று சத்தம் மட்டும் வரும், யார் யாரை அடிக்கிறார் என்று வீட்டில் இருக்கிறவர்கள் தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான். எங்க பாட்டி கணக்கில் எம்.ஜி.ஆர். ஒரு அடிகூட வாங்கியதில்லை.

இதோடு 1965-ல் வந்த 'திருவிளையாடல்' சேர்ந்துகொண்டது. ஏ.பி.நாகராஜன் படம். கதை வசனம் இசைத்தட்டாக வந்தது, பிறகு கேசட்டாக வந்தது. எங்க பக்கம் ஆடி மாசம் கூழ் ஊத்தற திருவிழாவில் எல்லையம்மன் பாட்டு முடிந்ததும் தருமிதான். நாகேஷ் தனியாகப் புலம்புவதும் சிவாஜியிடம் கேள்வி கேட்பதும் மூன்று தெருவுக்குக் கேட்கும். கேட்டுக் கேட்டு, அடுத்த வசனத்தை ஸ்பீக்கருக்கு முன்னாடியே சின்னப் பசங்க சொல்லிவிடுவார்கள். கேள்வி ஒருத்தன், பதில் ஒருத்தன். நான் பதில் சொல்கிற கட்சி, எனக்குக் கேள்வி வராது.

எண்பதுகளில் துபாய், சவூதி போனவர்கள் டூ இன் ஒன் கொண்டுவந்த பிறகு கேசட் மலிவாகி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எஸ்.வி.சேகர் நாடகக் கேசட்டுகள், 'மகாபாரதத்தில் மங்காத்தா' எல்லாம் சபா பக்கமே போகாத எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். கிரேஸி மோகன் 1976-ல் சேகருக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதிய கதையெல்லாம் ரொம்பப் பின்னாடி படித்துத் தெரிந்துகொண்டது. அதற்குள் அந்தப் பாணிக் கடி ஜோக்கை ஸ்கூல் முழுக்கப் பரப்பியாயிற்று.

கவுண்டமணி செந்தில் இந்தக் கேசட் காலத்துக்காகவே பிறந்தவர்கள். 1984-ல் 'வைதேகி காத்திருந்தாள்', பெட்ரோமாக்ஸ் லைட் காமெடி. செந்தில் மேண்டிலைப் பிடித்து நசுக்கிவிடுவார். மேண்டில் உடைந்தால் சத்தமே வராது, சாம்பல் மாதிரி உதிரும். ஆக, ஜோக்கின் உயிரான சம்பவம் கேசட்டில் கேட்கவே கேட்காது! ஆனா செந்திலின் அப்பாவிக் கேள்வி, கவுண்டரின் பெருமையான விளக்கம், ஒரு நொடி மௌனம், அப்புறம் வெடிக்கிற குரல். அந்த மௌனத்தில் மேண்டில் உடைவது நமக்குத் தெரிகிறது. 1989-ல் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழமும் அப்படியே. இரண்டு பழத்துக்குக் காசு கொடுத்து ஒரு பழம் வந்து சேர்கிற கணக்கு வழக்கு, முழுக்க முழுக்க வாய்ச்சண்டை. இதுபோன்ற பல காமெடிகளுக்குப் பின்னால் இருந்து எழுதியவர் ஏ.வீரப்பன். தானும் நடிகர். படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் அவர் பெயரை டைட்டிலில் கவனித்திருப்பார்கள்? கேசட் அட்டையில் தேடியும் நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் அதிகம் மனப்பாடம் செய்யப்பட்ட எழுத்தாளர்களில் ஒருத்தர் அவர் என்று நான் சொன்னால் இலக்கியவாதிகள் ஆட்டோ அனுப்பக்கூடாது.

தம்பி சொன்ன வெளிநாட்டுக்காரர்கள் 'கிளாசிக் ஆல்பம்' என்றால் பீட்டில்ஸ் மாதிரி ஏதாவது பேசுவார்கள். நமக்குத் தனி ஆல்பம் என்பது குறைவு. இளையராஜாவின் 1986 'ஹவ் டு நேம் இட்' மாதிரி சிலதுதான். மற்றபடி நம்ம கிளாசிக் ஆல்பம் கதை வசனக் கேசட்தான் என்று நான் வாதாடினேன். அதற்கு ஒரு துணைச்சாட்சி: பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அவர்களைச் சந்திப்பதற்கு முன்னால் பீட்டர் செல்லர்ஸ் போன்றவர்களின் நகைச்சுவைத் தட்டுகளைப் பதிந்துகொண்டிருந்தவர். ஜோக்குக்காக ஸ்டுடியோவில் சத்தங்களை உருட்டிப் புரட்டிக் கற்றுக்கொண்ட வித்தைதான் பின்னாடி பாட்டுக்குப் போனது. அங்கேயும் சிரிப்புத் தட்டு மூத்த அண்ணன்தான்.

2003 வாக்கில் விஜய் டிவியில் 'லொள்ளு சபா'. இயக்கம் ராம்பாலா. சந்தானம், ஜீவா, சுவாமிநாதன், மனோகர், சேஷு, பிற்பாடு யோகி பாபு. பழைய வெற்றிப் படங்களை எடுத்து, அதே காட்சி, அதே இசை, பேச்சை மட்டும் மாற்றுவார்கள். கிந்தனார் செய்த அதே வேலை. சும்மா கிண்டல் என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். என் அபிப்பிராயம் வேறு. ஃப்ரேம் ஃப்ரேமாக அந்தப் படங்களைத் தெரிந்தவனால்தான் அப்படிக் கெடுக்க முடியும். அது ஒரு வகை விமர்சனம். எத்தனையோ பத்திரிகை விமர்சனத்தைவிட நல்ல விமர்சனம் என்றுகூடச் சொல்வேன். அந்தக் கோஷ்டி பின்னாலும் பிரியவில்லை. 'வடக்குப்பட்டி ராமசாமி'யில் சேஷு வந்தபோது தியேட்டரில் கைதட்டல். அது பிப்ரவரி. அடுத்த மாசம், 2024 மார்ச் 26, அவர் போய்விட்டார். அன்றைக்கு பஸ்ஸில் நாங்கள் யாரும் ஜோக் சொல்லவில்லை. தம்பி மட்டும் ஃபோனில் அவர் காட்சிகளைச் சத்தம் குறைத்து ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுக்கொண்டே வந்தான்.

ஃபோன் என்றதும் எங்க ஏரியா சரித்திரம் ஒன்று. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி ஆரம்பித்தது, 2014 நவம்பர் 1-ல் நின்றது. அந்த எட்டு வருஷத்தில் கவுண்டமணி கேசட்டிலிருந்து மெமரி கார்டுக்குக் குடிமாறினார். செல் கடையில் காசு கொடுத்தால் பாட்டு, காமெடி எல்லாம் ஏற்றித் தருவார்கள். ஷிஃப்ட் பஸ்ஸில் ஹெட்ஃபோன் இல்லாமல் லவுட் ஸ்பீக்கரில் காமெடி ஓடும். பக்கத்து ஊர் ஃபோனில் பக்கத்து ஊர்ப் பெயர்க் காமெடி! வடக்குப்பட்டு ஸ்டாப்பிங்கில் பஸ் நின்றால் யாராவது ஒருத்தன் ராமசாமியைத் தேடிப்பிடித்துப் போட்டுவிடுவான்.

இப்போது அண்ணனின் அப்பாவுக்கு வருகிறேன். மைக் செட் வைத்திருந்தவர். அவர் போன பிறகு ஆம்ப்ளிஃபயர், கூம்பு எல்லாம் பழைய இரும்புக்குப் போய், ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட் மட்டும் பரணில். போன மாசம் இறக்கினார். முப்பத்தொரு கேசட். பாதியில் வெள்ளைப் பூஞ்சை. இரண்டில் ரீல் ஒட்டிக்கொண்டு பென்சில் விட்டுச் சுற்றினாலும் நகரவில்லை. "தூக்கிப் போட்டுடலாமாடா? எல்லாம் நெட்லயே இருக்கே" என்றார்.

நான் விடவில்லை. பிபிசி கதை சொன்னேன். பீட்டர் குக், டட்லி மூர் என்று இரண்டு நண்பர்கள், கூட்டாளிப் பேச்சையே கலையாக்கியவர்கள். 1965-லிருந்து 1970 வரை அவர்கள் நடத்திய 'நாட் ஒன்லி பட் ஆல்சோ' நிகழ்ச்சியின் நாடாக்களை பிபிசி அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டது. காசு நானே தருகிறேன் என்று குக் கேட்டும் கொடுக்கவில்லை. அதே பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 90-க்கும் மேற்பட்ட பகுதிகள் படமாக இல்லை. ஆனால் காணாமல் போன எல்லாப் பகுதிகளின் ஒலியும் இருக்கிறது. எப்படி? வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த சின்னப் பசங்களால். பெரிய ஆபீஸ் தொலைத்ததைப் பரணில் கிடந்த டேப் காப்பாற்றியது.

எங்க ஊருக்கே 2022-ல் தொல்லியல் துறை வந்து தோண்டினார்கள். கற்கருவிகள், மணிகள், ரோமானிய ஆம்போரா ஓடுகள் கிடைத்ததாகப் பேப்பரில் வந்தபோது பெருமையாக இருந்தது. அந்தக் குடத்தில் வந்த சரக்கைக் குடித்தவர்கள் அன்றைக்கு என்ன ஜோக் சொல்லிச் சிரித்தார்கள் என்று எந்தக் குழியிலும் கிடைக்காது. பானை உடைந்தால் ஓடாவது மிஞ்சும்.

ஆக, போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு மொட்டைமாடி ரூமில் எங்கள் 'முதல் ஒலிப்பதிவு'. ஒரு பழைய டெக், தம்பியின் லேப்டாப், முறுக்கு. கேசட்டைப் போட்டுக் கேட்டு, நிறுத்தி, பேசி, மறுபடி கேட்பது என்று திட்டம். முதல் கேசட்டே 'திருவிளையாடல்'. தருமி மண்டபத்தில் புலம்பிக்கொண்டிருக்கிறார். நாங்கள் மூவரும் கூடவே முணுமுணுக்கிறோம். திடீரென்று டக் என்று ஒரு சத்தம், தருமி காணோம். வேற குரல். கொஞ்சம் கரகரப்பு. "...கூழ் வாங்க வந்த தாய்மார்கள் வரிசையா வரணும், பச்சைச் சட்டை போட்ட பையன் ஒருத்தன் மைக் செட்டாண்ட அழுதுகிட்டு நிக்கிறான், பெத்தவங்க வந்து கூட்டிக்கிட்டுப் போங்க..."

திருவிழா நடுவில் பிளே பட்டனோடு ரெக்கார்ட் பட்டனும் சேர்ந்து அமுங்கியிருக்கிறது. டெக்கில் இருந்த மைக் பக்கத்தில் பேசியதை எல்லாம் பிடித்துவிட்டது. முக்கால் நிமிஷம் இருக்கும். அப்புறம் மறுபடி டக். சிவாஜி வந்துவிட்டார்.

அண்ணன் எதுவும் பேசவில்லை. முறுக்கைக் கையில் வைத்தபடியே இருந்தார். தம்பி மெதுவாக, "அந்த இடத்த மட்டும் கட் பண்ணிட்டு, நெட்லேர்ந்து தருமிய எடுத்து ஒட்டிடவாண்ணே?" என்றான்.

"தருமி எங்க போனாலும் கிடைப்பான்டா. அத அப்படியே விடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பச்சைச் சட்டை யாருன்னு அம்மாவக் கேக்கணும்" என்று கீழே இறங்கிப் போனார்.

அன்றைக்கு நாலு கேசட்தான் முடிந்தது. ஐந்தாவதில் டெக்கின் பெல்ட் அறுந்துவிட்டது. ரிச்சி தெருவில் இரண்டு கடை ஏறி இறங்கினோம், அந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை. யாருக்காவது பழைய டெக் பெல்ட் விற்கிற கடை தெரிந்தால் சொல்லுங்க மக்கா. இன்னும் இருபத்தேழு கேசட் பாக்கி இருக்கு.